ஓரம் விடாமல் வெட்டிய நீலச் சட்டை

எதிர்வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ரசமட்டம், கொத்தனார் தரையின் மட்டம் பார்க்க வைக்கிற கருவி. வாழ்நாளெல்லாம் வீடுகளுக்கு டைல்ஸ் பதித்தவர். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். ஒருமுறை எங்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "மூலையில ஒரு நூல் இறங்கியிருக்கே தங்கச்சி, எந்தப் புண்ணியவான் போட்டது?" என்றார். போட்டது என் வீட்டுக்காரர். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ரசமட்டத்தின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் படுத்துவிட்டார். இனி நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னது அக்காவின் வீட்டுக்காரரிடம் மட்டும், ஆஸ்பத்திரி நடையில் வைத்து. அதை அவர் என்னிடம் சொன்னார். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்காவோ, "கால் மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான்" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனிதர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கட்டில் ஓரமே கதியென்று கிடந்தார். "என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காராதீங்க. இவரை எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயேன்டி!" என்று அவரிடம் ஆரம்பித்து என்னிடம் கத்தி முடித்தார் அக்கா. நான் கூட்டிக்கொண்டு போனது சனிக்கிழமைத் தையல் வகுப்புக்கு. எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

அங்கே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். டீச்சரே சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார். ஒன்பது துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கட்டம். கட்டங்களைச் சேர்த்தால் போர்வை. நாங்கள் தைத்த கட்டங்களில் மூலைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். இவர் தைத்ததில் கச்சிதமாகக் கூடின. டீச்சர் அதை உயர்த்திக் காட்டியபோது எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. சிமெண்டுக் கை என்று அதுவரை கேலி செய்தது நான்தான்.

அக்காவுக்கு ஒரே பெருமை. "என் துணியிலயே ஒரு போர்வை தைங்களேன். பீரோல கீழ்த்தட்டுல பழசெல்லாம் கிடக்கு" என்றாராம்.

அதோடு விட்டிருக்கலாம். கீழ்த்தட்டுத் துணியெல்லாம் நைந்துபோயிருந்தது. மேலே ஹேங்கரில் அக்காவின் நீலச் சட்டை தொங்கியது. வெளியே போகும்போது மட்டும் போடுகிற, நல்ல கெட்டிப் பருத்தி. அதை எடுத்து, தைத்து முடித்த கட்டத்தில் ஒரு சதுரத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்து, அந்த அளவுக்கே வெட்டினார். அதிலும் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விடுகிற மாதிரி, ஜாயிண்டுக்கு என்று அரை நூல் அளவு குறைத்து! டைல்ஸ்காரர் புத்தி. துணிக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் கூடுதலாக விட வேண்டும், தையல் அதை விழுங்கிவிடும். வெட்டிய துண்டையே வாங்கித் தைத்துப் பழகியவருக்கு அது எப்படித் தெரியும்?

மறுவாரம் ஒரு காலையில் அக்கா, "என்னங்க, அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைங்க. கால் வந்ததும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் முதல்ல கடைத்தெருவுக்குப் போவேன்" என்றார்.

உடனே ரசமட்டம் ஒரு பையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, இதைத் திரும்பச் சட்டையா ஆக்க முடியுமா?"

பையை மேசையில் கவிழ்த்தேன். எல்லாம் ஒரே அளவில் நீலச் சதுரங்கள். நடுவில் தைத்த கட்டம் ஒன்று, சுருங்கிப்போய் உள்ளங்கையகலம் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டு அண்ணே இதைத் தொட்டீங்க?"

"இனிமே போடமாட்டாளேன்னு..."

சதுரங்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். வேறு என்ன செய்வது?

எதிர்வீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னங்க, சட்டை கிடைச்சுதா?"

அவர் சதுரங்களைத் திரும்பப் பையில் அள்ளிக்கொள்ள, இரண்டு பேரும் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றோம். லாண்டரிக்குப் போட்டிருக்கிறது என்று நான் ஒரு பொய்யை ஆரம்பித்தேன். அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. பைக்காகக் கையை நீட்டினார். அண்ணன் கொடுத்துவிட்டார்.

அக்கா அந்தச் சின்னக் கட்டத்தை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு நடை வராதுன்னு டாக்டர் எப்ப சொன்னாரு?"

அவர் தரையைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற அதே தரைதான்.

அக்கா அழவில்லை. கட்டத்தைத் தன் முழங்கால் மேல் விரித்து, விரலால் நீவினார். பிறகு பீரோவைப் பார்த்தார்.

"ஹேங்கர்ல இன்னும் இருக்குல்ல, மத்த சட்டையெல்லாம்? அதையும் எடுத்து வெட்டுங்க. இவகிட்ட கேட்டு, ஓரம் விட்டு வெட்டுங்க."