ஒன்றுக்கு வராத இருபத்தைந்து

கண்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பெயரை வரவு இடாப்பின் கடைசியில்தான் எழுதுவார்கள். டவுன் பிள்ளைகள் இருபத்துநாலு பேர், அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர். அகர வரிசைப்படி மூன்றாவதாக வரவேண்டிய எனக்கு இருபத்தைந்தாம் இலக்கம். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

உயர்தரக் கணிதப் பிரிவுக்கு ஆள் தெரிவு செய்த வாரம், கணக்கு சேர் ஒரு பயிற்சி கொடுத்தார். அவரவர் இடாப்பு இலக்கத்தை எடுத்து, அதைவிடச் சிறிய காரணிகளையெல்லாம் கூட்ட வேண்டும். வந்த விடைக்கும் அப்படியே, அடுத்த விடைக்கும் அப்படியே. பத்தை எடுத்துக் கரும்பலகையில் செய்து காட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்தைக் கூட்டினால் எட்டு, எட்டிலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஒன்று.

"எந்த எண்ணும் கடைசியில ஒண்ணுக்குத்தான் வரும். வராட்டி உங்க கணக்கு பிழை" என்றார். பிழை விட்டவர்களுக்குக் கணிதப் பிரிவில் இடமில்லை. எனக்கோ கணக்கைத் தவிர வேறெதையும் படிக்க விருப்பமில்லை.

இருபத்தைந்துக்கு ஒன்றும் ஐந்தும்தான், கூட்டினால் ஆறு. ஆறுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் மறுபடியும் ஆறு! எத்தனை தரம் செய்தாலும் அது அசையவில்லை. கண்டதைத்தான் எழுதினேன். சேர் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்து, "தோட்டத்துல கூட்டல்கூட சொல்லித் தரலையா?" என்று வகுப்பே கேட்கும்படி சொன்னார்.

ஆறு அசையாதென்றால், முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஆறாம் இலக்கக்காரிக்கும் ஆறுதானே வந்திருக்க வேண்டும்? இடைவேளையில் அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஆறு, ஐந்து, ஒன்று. பக்கத்தில் பெரிய சரி.

"ஒண்ணு வரணும்னு சேர் சொன்னாரே, அதான் மூணுக்குப் பதிலா ரெண்டு போட்டுக் கூட்டினேன்" என்றாள், கொஞ்சமும் கூசாமல். அந்த மனுஷன் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சரி போட்டிருக்கிறார்!

இரண்டு நாளில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. கொப்பியோடு ஆசிரியர் அறைக்கே போய், "எங்க பிழைன்னு காட்டுங்க சேர்" என்றேன். அவரே ஒரு தாளில் செய்து பார்த்தார். இன்னொரு தரமும் செய்தார். முகம் சுண்டிப்போனது.

"சரிதான் பிள்ள. ஆனா லிஸ்ட்ல ஸ்கூல் அதிபர் கையெழுத்து வச்சுட்டாரு. இனி மாத்த ஏலாது."

பிறகு என் கொப்பியை எடுத்து, பழைய கோட்டின் மேல் நிதானமாக ஒரு சரி போட்டுத் தந்தார். ஆறாம் இலக்கக்காரி கணிதப் பிரிவுக்குப் போனாள். நான் இரண்டு வருடம் புவியியல் படித்தேன்.