நைனா வைத்த ஆடுபுலி ஆட்டம்

புளியங்கொட்டையின் வழவழப்பு விரலில் பட்டாலே எனக்கு இன்றும் இருப்புக் கொள்வதில்லை. மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாணித் தரையில் கரிக்கோடு கிழித்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கூழாங்கற்களைப் புலிகளாகவும் வைத்து, நானும் என்னோடு ஒன்றாகப் பிறந்த கன்னியப்பனும் ஓயாமல் ஆடிய ஆட்டம் அது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இருவரும் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தோம். மேலே படிக்கப் பெரம்பூரில் சித்தப்பா வீட்டில் தங்க வேண்டும். அங்கே ஒரு பிள்ளைக்குத்தான் இடம். பையன்தான் போவான் என்று ஊரே நினைத்திருக்க, வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான்தான் என்று அம்மா மட்டும் விடாமல் சொல்லி நைனாவின் காதைத் துளைத்தாள்.

நைனா நியாயஸ்தர் என்று பெயரெடுத்தவர். ஏரித் தண்ணீர்ச் சண்டையையே தீர்த்து வைத்தவர், பெற்ற பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை செய்வாரா? "ரெண்டு பேரும் ஆடுங்க. யாருக்கு மூளை கீதுன்னு பாத்துடலாம்" என்றார்.

முதலில் எனக்கு ஆடு. எழுந்து ஓடிவிடலாம் போல உடம்பெல்லாம் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கொட்டையையும் யோசித்து நகர்த்தி, மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்தேன். "பொம்பளப் புள்ளைக்குப் பொறுமை தானா வரும். அது மூளை இல்ல" என்றார் நைனா.

அடுத்து எனக்குப் புலி. பொறுமைதான் குற்றமென்றால் பாய்ந்தே காட்டுகிறேன் என்று மளமளவெனத் தாண்டி ஆடுகளை வெட்டித் தீர்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "பொட்டப் புள்ளைக்கு இம்மாம் அவசரம் ஆவாது. நிதானமே இல்லியே இவளுக்கு" என்றார்.

இரண்டிலும் தோற்ற கன்னியப்பன் காய்களைக் காலால் எத்திவிட்டு வெளியே ஓடினான். "பாத்தியா, பையன் இன்னா துறுதுறுன்னு கீறான். இவன்தான் தேறுவான்" என்று நைனா அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அவர் ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொன்னதை அவர் மனதார நம்பினார். அடுத்த வாரம் கன்னியப்பன் அம்பத்தூரில் ரயிலேறிப் போனான்.

இன்று அந்த வீடும் இல்லை, வயலும் இல்லை. தொழிற்பேட்டைப் பட்டறைகள் இரைகின்றன. நைனாவும் கன்னியப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் மூளை ஒன்றா, வேறா என்று யாரோ ஆராய்கிறார்களாம், மருமகள் பத்திரிகையில் படித்துச் சொல்கிறாள். ஆராயட்டும். நைனாவும் ஆராய்ந்து பார்த்தவர்தான். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.