ஆழ்துளைக் குழியில் நில அதிர்வுமானி

பூமிக்கடியில் பாறை பிளந்து நகரும் இடமாகப் பார்த்து ஆழமாகக் குழி போட்டு, அதற்குள் நில அதிர்வுமானியை இறக்கி, அது சொல்வதைக் குறித்துக்கொள்வது என் வேலை. பார்க்கும் உத்தியோகத்தைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி ஓய்ந்துபோனவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

தண்ணீர் வந்துவிட்டது

மல்லசமுத்திரம் பக்கம் செங்கோடன் என்ற விவசாயியின் காட்டில் குழி போட்டோம். அவர் அங்கே போட்ட போர்வெல்கள் எல்லாம் புழுதியைத்தான் கிளப்பியிருந்தன. எங்களுக்கு வேண்டியதும் ஈரமில்லாத பாறைதான். பாதி ஆழத்திலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. செங்கோடன் சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தண்ணீர் ஓடினால் அந்தச் சலசலப்பையும் கருவி பதிவுசெய்யும். எனக்கு அந்தக் குழி உதவாது. அதை அவருக்கே விட்டுவிட்டு வேறு இடம் தேடக் கிளம்பினேன். குழி போட்ட ரிக் வண்டியின் டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி வந்ததுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்ட ஆள இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்.”

தினசரி அதிர்வு

ராசிபுரத்தை ஒட்டிய குழியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே சீரான அதிர்வு. மதியம் மட்டும் நிற்கும். பூமிக்குச் சாப்பாட்டு இடைவேளை கிடையாதே என்று தேடிப் போனேன். பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு விசைத்தறிக் கொட்டகை. முதலாளியம்மா சரோஜா, நான் கேட்டதும் தறிகளை நிறுத்தினார். திரையில் கோடு நேரானது. பெருமையாக அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏனுங்க, எங்க தறி ஓடறதக் கண்டுபுடிக்கவா பாறையத் தொளச்சீங்க? வாசல்ல நின்னாலே கேக்குமே!”

நிஜமாகவே ஆடியபோது

ஒரு நாள் முற்பகலில் நிலம் நிஜமாகவே ஆடியது. சிறிய அதிர்வுதான். ஆனால் எங்கள் குழி ஒன்றுக்குப் பக்கத்து வீட்டுப் பழனியம்மாளின் சுவர், குழந்தையின் தொட்டிலை ஒட்டி விரிசல் விட்டுவிட்டது. நாங்கள் குழி போட்டதால்தான் ஆடியது என்று ஊரே கல்லோடு வந்தது, குழியை மூடிவிட. என்னுடன் வேலை பார்க்கும் ஜெயந்தி பதிவைக் காட்டினார். அதிர்வு கிளம்பியது எங்கள் குழிக்கும் வெகு கீழே, பிளவில். கருவி அதைப் பதிவு மட்டுமே செய்திருந்தது. ஒவ்வொருவராகக் கல்லைக் கீழே போட்டார்கள்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பழனியம்மாள், அடுத்தது எப்போது வரும் என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியாது என்றேன். அவர் நகரவில்லை. அந்தச் சுவர்ப் பக்கம் தொட்டில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

“அத ஆடுன ஒடனே அவுத்துட்டனுங்க.”

இப்போதும் மாதம் தவறாமல் குழிகளைச் சுற்றி வருகிறேன். என்னிடம் எதையும் கேட்காதது அந்தக் கருவி ஒன்றுதான்.