கூறைத்தட்டும் நாலு தவணையும்

கண்டி நகரத்தில் கொழும்பு வீதியிலுள்ள ஒரு புடவைக் கடையில் அழகம்மா சேலை விற்றாள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் இரண்டு சேலையோடு வெளியே போய், பஸ்சுக்குக் காசு தேடிய கதைகள் அந்த வீதியில் பல உண்டு. அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். யார் வந்தாலும் அவரவர் தமிழிலேயே பேசுவாள். அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் பெண்களிடம், "இதப் பாருங்க ராத்தா, பெருநாளைக்கு இதத்தான் உடுக்கணும்" என்பாள். யாழ்ப்பாணத்து ரீச்சர்மாரிடம், "உங்கடை நிறத்துக்கு இது நல்லா எடுக்கும், ரீச்சர்" என்பாள். சிங்களப் பெண்கள் வந்தால் தமிழையே மறந்துவிடுவாள். சொந்தத் தமிழ் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ். அதை வீட்டுக்கும் கணவன் கறுப்பையாவுக்கும் என்று பத்திரமாக வைத்திருந்தாள்.

ராஜலிங்கம் அந்தக் கடைக்குக் கூறைச்சேலை வாங்க வந்தார். ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தவர். ஓய்வூதியம் போதாமல் கலியாணம் பேசவும் நடத்தவும் இறங்கியிருந்தார். அரை மணித்தியாலம் சேலை பார்த்தபின் கேட்டார்.

"பிள்ளை, நீ யாழ்ப்பாணத்திலை எவடம்? வடமராட்சியோ?"

"இல்லீங்கய்யா. ஹந்தானைத் தோட்டம்."

ராஜலிங்கத்தின் கையிலிருந்த சேலை நழுவியது. குனிந்து அதை எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு தங்கச்சி வேணும். மூண்டு மணித்தியாலத்துக்கு. ஆயிரத்தைஞ்ஞூறு தருவன்" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. அது யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் தெரு மூடிக் கிடந்தது. அண்ணன்மார் கண்டியில் உத்தியோகம் பார்க்க, தங்கச்சிமார் தெருவின் அந்தப் பக்கத்தில் அகப்பட்டிருந்தார்கள். ஷெல் விழுந்தாலும் கலியாணம் நிற்காத சாதி நாங்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக் கலியாணத்துக்குத் தோழி வேண்டும். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ, மணமானவளாகக் கூறைத்தட்டை ஏந்தி வரவேண்டும். பெண்ணைக் கூறை மாற்ற அழைத்துப் போகவேண்டும். தாலி கட்டும்போது பின்னால் நின்று மாலையை விலக்கிப் பிடிக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு அப்படி ஒருத்தியும் இல்லை என்றால் பெண் வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள். தோட்டத்துப் பெண் ஒருத்தி தட்டைத் தொட்டாள் என்றால் பந்தியில் சிலருக்குச் சோறே இறங்காது. இந்த இரண்டாவது விஷயத்தை ராஜலிங்கம் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அழகம்மா வீட்டில் போய்க் கேட்டாள். கறுப்பையா ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனிதர், சாப்பாட்டில் பிரியம். "கல்யாணச் சாப்பாடு நமக்கும் உண்டான்னு கேளு புள்ள" என்றார். உண்டு என்று தெரிந்ததும் சம்மதித்தார்.

அப்படியே எட்டுக் கலியாணம் நடந்தது. எட்டு வேறு பெண்களின் பெயரில் அழகம்மா எட்டுத் தட்டு ஏந்தினாள். கறுப்பையா வெளியே ஆட்டோவில் காத்திருந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். திரும்பும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஆமிக்காரர்கள் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தவர் என்றால் கேள்வி ஒரு மணித்தியாலம் நீளும். ஆகவே பாலம் கண்ணில் பட்டதும் கறுப்பையா பின்னால் திரும்பி, "பாலம் வருது, யாழ்ப்பாணத்த எறக்கி வை" என்பார். அவளும் இறக்கி வைப்பாள்.

எட்டாவது கலியாணத்தில் ஒன்று நடந்தது. கூறை மாற்றப்போன இடத்தில் மணப்பெண் அவள் தோளில் சாய்ந்து, "மச்சாள், எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அழுதாள். அழகம்மாவும் அழுதாள். வீட்டுக்கு வந்தபிறகு, அங்கே அழுதது தானா, அந்தப் பெயர்க்காரியா என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். இதைச் சொல்லிக்கொடுக்க எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடம் இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆசை வந்துவிட்டது. இருபத்தாறு வயதில் நடிப்புப் படிக்கும் ஆசை.

முதலில் கொழும்புக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் தொலைக்காட்சி நட்சத்திரம் ஆக்கிவிடுவதாக ஒரு நிறுவனத்தின் விளம்பரம் பத்திரிகையில் வந்திருந்தது. அங்கே இருந்த இளைஞர் அவளை நடித்துக் காட்டச் சொல்லவில்லை. எடையைக் கேட்டார். நிறத்துக்கு என்ன பூசுகிறாள் என்று கேட்டார். புகைப்பட ஆல்பத்துக்கு முற்பணமாக இருபதாயிரம் கேட்டார். கறுப்பையா எழுந்து, "எட போட்டு வாங்க எங்க ஊரு சந்தையே போதுங்க தம்பி" என்று சொல்லி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்தது கண்டியிலேயே ஒரு ரியூசன் மண்டபம். நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்குக் கற்பித்தார்கள். மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பாமல் நகைச்சுவையின் இலக்கணத்தை மூன்று பக்கத்துக்குச் சொல்ல, நூற்றிருபது பிள்ளைகள் ஒருவரும் சிரிக்காமல் எழுதினார்கள். அழகம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாவது, மலைச்சரிவில் ஒரு சிறிய நாடகக் கல்லூரி. இரண்டு வருட டிப்ளோமா, சனி ஞாயிறு மட்டும், சிங்களமும் தமிழும். கட்டணம் நாலு தவணை, தவணைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. கடைசித் தவணை கட்டாதவர் இறுதி நாடகத்தில் மேடையேற முடியாது என்று படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் அழகம்மா உண்மையையே எழுதினாள்: தங்கச்சி ஆறு தடவை, அக்கா இரண்டு தடவை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். விரும்பியதை நடிக்கச் சொன்னார்கள். அழகம்மா வெறுங்கையால் ஒரு சேலையை உதறினாள். மடித்தாள், தோளில் போட்டாள், முந்தானையைக் காட்டினாள், இரண்டு மொழியிலும் பேசினாள். முடிந்ததும் நடுவில் இருந்த சிங்கள மிஸ், "சாயம் போகாதா?" என்று கேட்டுவிட்டு, இல்லாத சேலையைக் கேட்டதை உணர்ந்து தானே சிரித்தார். இடம் கிடைத்தது. அது இரண்டாயிரமாம் ஆண்டு ஐப்பசி.

அதற்குப் பிறகு அழகம்மா ரூபாயில் கணக்குப் பார்க்கவில்லை, கலியாணத்தில் பார்த்தாள். ஒரு தவணைக்கு மூன்று கலியாணம், மிச்சத்துக்குக் கடைச் சம்பளம். படிப்பு ஏறஏற ராஜலிங்கத்துக்குத் தலையிடியும் ஏறியது. முன்பெல்லாம் பெயரைச் சொன்னால் போதும், வந்து நின்றுவிடுவாள். இப்போது மாப்பிள்ளையைச் சந்திக்கவேண்டும் என்றாள். உங்கள் தங்கச்சி எப்படி நடப்பாள், கோபம் வந்தால் என்ன செய்வாள், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டாள். மாப்பிள்ளைமார் பதில் சொல்லத் தொடங்கி, நடுவில் அழத் தொடங்கினார்கள்.

"பிள்ளை, நீ தட்டைத் தூக்கினாக் காணும். என்ரை மாப்பிள்ளையளை அழப்பண்ணாதை" என்று ராஜலிங்கம் கும்பிட்டார்.

நாலாவது தவணைக்கு ஒரே ஒரு கலியாணம் குறைந்த நேரத்தில் சமாதானம் வந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு கிழமை முன்பு யாழ்ப்பாணத் தெரு திறந்தது. கண்டியில் சனங்கள் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அழகம்மாவும் உடைத்தாள். உடைத்துவிட்டு, இனி எந்த அண்ணனுக்கும் கூலிக்குத் தங்கச்சி தேவைப்படாதே என்று நினைத்தாள். நாடே சந்தோஷப்படும்போது தன் மனம் தவணையை எண்ணுகிறதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ராஜலிங்கத்தின் கொப்பியில் இருந்த மற்றத் தங்கச்சிகளும் வெட்டுப்பட்டுப் போனார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது.

பல்லேகலவில் கணக்காளராக இருந்த பாலேந்திரனின் கலியாணம் அது. வருடப்பிறப்புக் கழிந்த கிழமையே நாள். பதினொரு வருடமாகக் காணாத அக்கா லீலாதேவி, தன்னால் வரமுடியாது என்று மாசியிலேயே கடிதம் போட்டிருந்தாள். தெரு திறந்தபின் ஒரு தகவலும் இல்லை. அழகம்மா அந்தக் கடிதங்களை எல்லாம் வாங்கி வாசித்தாள். பாலேந்திரன் சொன்னான்: "அக்காவுக்குக் கோவம் வந்தா ஒண்டும் பேசமாட்டா. சோத்தை நல்லாக் குழைச்சுத் தருவா. பயம் வந்தா முந்தானையைச் சின்னிவிரலிலை சுத்திக்கொண்டு நிப்பா."

முகூர்த்தத்துக்குக் கால் மணித்தியாலம் இருந்தது. அழகம்மா கூறைத்தட்டோடு லீலாதேவியாக நின்றாள். அக்கா நல்ல அடக்கமானவ என்று பெண் வீட்டார் ஏற்கெனவே மெச்சியிருந்தார்கள். அப்போது மண்டப வாசலில் நரைத்த தலையோடு ஒரு பெண் வந்து நின்றாள். கசங்கிய சேலை, கையில் ஒரு பால்மா டின். மணப்பெண்ணின் பெரியம்மா அவளை மறித்தாள்.

"நீங்கள் ஆர் பகுதி?"

"மாப்பிள்ளையின்ரை அக்கா. லீலாதேவி."

"லீலாதேவி உள்ளுக்கு நிக்கிறா. நீங்கள் மண்டபம் மாறி வந்திட்டியள் போல."

வந்தவள் உள்ளே பார்த்தாள். பாலேந்திரனும் அவளைப் பார்த்தான். பதினொரு வருடத்து நரையில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் முந்தானையைச் சின்னிவிரலில் மெல்லச் சுற்றத் தொடங்கினாள்.

அழகம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டுந்தான் தெரிந்தது. பத்தே நிமிடம் பேசாமல் நின்றால் தாலி ஏறிவிடும், காசு உறை கைக்கு வந்துவிடும், தவணையும் கட்டியாகிவிடும். இறுதி நாடகத்தில் அவளுக்கு நல்ல பாத்திரம். பெரியம்மா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து வெளியே திருப்பினாள்.

அழகம்மா தட்டோடு நேரே வாசலுக்கு நடந்தாள். வாயில் வந்தது ஹந்தானைத் தமிழ்தான்.

"வாங்கக்கா. நீங்க வர்ற வரைக்கும் தட்ட நான் வச்சிருந்தேன்."

"அப்ப நீ ஆர்?" என்று பெரியம்மா கத்தினாள்.

"அழகம்மாங்க. ஹந்தானைத் தோட்டம்."

ராஜலிங்கம் வாசல் வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிய முயன்றார். அவருடைய வயிற்றுக்கு அந்த வாழை போதவில்லை. பாலேந்திரன் தலைப்பாகையோடு மணவறையிலிருந்து பாய்ந்து ஓடிவந்தான். ஐயர், "தம்பி, நேரம் போகுது!" என்று கூப்பிட்டதை ஒருவரும் கேட்கவில்லை.

தட்டு லீலாதேவியின் கைக்குப் போனது. அவளோ அழுத அழுகையில் தட்டு ஆடி, தேங்காய் உருளப் பார்த்தது. அழகம்மா பக்கத்தில் நின்று அடியில் ஒரு கை கொடுத்தாள். "இப்ப அங்க காட்டுங்க... இப்ப பொண்ணக் கூட்டிட்டுப் போங்க... மாலைய வெலக்குங்கக்கா" என்று காதுக்குள் சொல்லிச் சொல்லி ஒப்பேற்றினாள். தாலி ஏறியது. பெண்வீட்டில் இரண்டு பேர் சாப்பிடாமல் போனார்கள். அவர்களுடைய பங்கையும் கறுப்பையா பார்த்துக்கொண்டார்.

பந்தி முடிந்ததும் ராஜலிங்கம், "ஒப்பந்தம் முறிஞ்சு போச்சு, பிள்ளை. அரைவாசி வேலைதானே பாத்தனி" என்றார். லீலாதேவி அவர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தாள்.

"ஓம், அரைவாசிதான் அவ செய்தவ. மற்ற அரைவாசிக்கு நான் அழுதன். அதுக்கும் காசு வேணுமெண்டு கேக்கிறனோ?" என்று சொல்லி உறையை அழகம்மாவின் கையில் வைத்து மூடினாள். பால்மா டின்னில் இருந்த பயத்தம் பணியாரத்தில் பாதியும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை தவணை கட்டப்பட்டது. இறுதி நாடகத்தில் அழகம்மா ஒரு கஞ்சக் கிழவனாக நடித்தாள். முன்வரிசையில் பாலேந்திரனும் மனைவியும், தெரு திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவன் தம்பி சிறீயும் இருந்தார்கள். கறுப்பையா தவறான இடங்களில் எல்லாம் கைதட்டினார். கேட்டால், "எங்க தட்டணும்னு யாரும் சொல்லலியே" என்றார்.

நாலு வருடம் போனது. சண்டை திரும்ப வந்தது, தெரு திரும்ப மூடப்பட்டது. அழகம்மா கடையிலேயே இருந்தாள். ஞாயிறு காலையில் மடவளையில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினாள். ஒரு நாள் ராஜலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு கடைப்படி ஏறினார்.

"பிள்ளை, ஒரு அக்கா வேணும்."

"இப்ப நான் டிப்ளோமாக்காரிங்கய்யா. ரேட்டு கூட" என்று சிரித்தாள். "யாரோட அக்கா?"

"பாலேந்திரன்ரை தம்பி சிறீக்குக் கலியாணம். லீலாதேவி யாழ்ப்பாணத்திலை மாட்டுப்பட்டுப் போனா."

அழகம்மாவின் சிரிப்பு நின்றது. விரித்த சேலையைத் திரும்ப மடித்து வைத்தாள். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கலியாணத்தன்று அவள் கூறைத்தட்டோடு நின்றபோது, பெண்ணின் மாமி ஒருத்தி கிட்ட வந்து, "நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டாள். ராஜலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் பேரு அழகம்மாங்க. லீலாக்கா வர்ற வரைக்கும் தட்ட நான் வச்சிருக்கேன்."

 மாமிக்கும் தெருவின் அந்தப் பக்கத்தில் யாரோ இருந்திருக்கவேண்டும். வேறொன்றும் கேட்காமல், தட்டின் மறுபக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.