மூன்று தாளிலும் நின்ற பதில்

எனக்குள் இரண்டு ஆள் குடியிருக்கிறார்கள் என்பதை என் மனைவி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அதே விஷயத்தைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்காரருக்கு இரண்டு தாளும் ஒரு சிவப்புப் பென்சிலும் தேவைப்பட்டன. ஆனால் அவர் கண்டுபிடித்தது எழுத்தில் இருந்தது. வம்பு அங்கேதான்.

அப்போது நான் இலங்கையில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். பெரிய யுத்தம் முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. பதுளைக்கு ரயில் பாதை போடுகிறோம் என்று மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். யுத்தத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த டாக்டர் துரை ஒருவர் எங்கள் பகுதித் தோட்டங்களுக்கு வைத்தியராக வந்து சேர்ந்தார். அவர் பெட்டியில் மருந்தோடு ஒரு கேள்விப் பட்டியலும் இருந்தது. ஐம்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை சொன்னால் போதும். இவன் மனசு திடமானதா, பீரங்கிச் சத்தத்தில் கலங்குமா என்று தெரிந்துவிடுமாம். சிப்பாய்களுக்காகச் செய்த அளவுகோல் அது. அதைத் தமிழாக்கி, தோட்டத்து ஜனங்களிடமும் செல்லுமா என்று பார்க்க அவருக்கு ஆசை.

"நான் செய்கிறேன் சார், ஒரே வாரம்" என்றது என் நாக்கு. எனக்கு முந்திப் போவதே அதற்கு வழக்கம்.

தமிழாக்கம் நன்றாகவே வந்தது. ராகமில்லாமல் படித்தாலும் புரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மேசை போட்டு, நான் கேள்வியைப் படிக்க, துரை பதிலைக் குறிக்க, லயம் என்கிற கூலி வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"வேலை செய்யும்போது யாரோ உன்னைக் கவனித்துக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றுகிறதா?"

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். "தோணுறது என்னங்க? அந்தா நிக்கிறாரு பாருங்க." மரத்தடியில் கங்காணி நின்றுகொண்டிருந்தார்.

நான் துரையிடம் "ஆம்" என்றேன். அன்றைக்கு வந்த அத்தனை பேரும் அதற்கு ஆம்தான். சிப்பாய்க் கணக்கில் அந்த ஆம் கெட்ட வியாதியின் அடையாளம்.

"மூடிய அறையில் தனியாக இருக்கப் பயமா?"

ஒரு கிழவர் யோசித்தார். அவர் அறையில் ஒன்பது பேர். "தனியா ஒரு அறையாங்க? ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க. இருந்து பாத்துட்டு வந்து சொல்றேன்."

"விடியற்காலையில் எழும்போது நெஞ்சு படபடக்கிறதா?"

"ஆளெண்ணுற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிறப்ப படபடக்காம? நேரத்துக்குப் போய் நிக்கலேன்னா அன்னிக்கி வேலை இல்லீங்களே."

இளைஞன் ஒருவன் மேசைமேல் குனிந்து ரகசியமாகக் கேட்டான்: "கிளாக்கரையா, எதுக்கு ஆமான்னா வேலையக் கொறப்பாங்க, எதுக்கு ஆமான்னா ஊருக்கே தொரத்துவாங்க? அத மட்டும் சொல்லிருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிற்பாடு வட்டியோடு அனுபவித்தேன்.

துரை கூட்டிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் கங்காணி முதல் வாசல் கூட்டுகிறவள் வரை ஒருவருக்கும் புத்தி சுவாதீனமில்லை என்று வந்தது. "ஒன்று, இந்த மலை முழுக்கப் பைத்தியம், அல்லது உன் தமிழ் தப்பு" என்றார். மலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தமிழ் தப்பென்றால் கிளாக்கர் வேலைக்கு நான் லாயக்கில்லை. வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். இரண்டு பெண் குழந்தைகள், ஒரு பசுமாடு, பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மனைவி, எல்லாரும் மழையில் பண்டாரவளை ரோட்டில்.

அதற்கும் துரையிடம் ஒரு வழி இருந்தது. "உனக்கு இரண்டு பாஷையும் தெரியும். முதலில் இங்கிலீஷ் தாளுக்குப் பதில் எழுது. அதைப் பூட்டி வைக்கிறேன். இரண்டு வாரம் கழித்துத் தமிழ்த் தாளுக்கு எழுது. மனிதன் ஒருவன்தானே? பதிலும் ஒன்றாக இருந்தால் தமிழ் சரி."

இங்கிலீஷ் தாளை அவர் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். என்ன கம்பீரம்! இருட்டுக்குப் பயமா? இல்லை. மேலதிகாரி கூப்பிட்டால் வயிறு கலங்குமா? இல்லவே இல்லை. சகுனத்தை நம்புகிறாயா? சீச்சீ. இங்கிலீஷில் எனக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை. லயத்து இளைஞன் என்னிடம் ரகசியமாகக் கேட்ட அதே கேள்வியை நான் பேனாவால் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தமிழ்த் தாளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். தப்பு அங்கே நடந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் தனியாகப் பதில் சொல்வதில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி முறத்தோடு வந்து என் பின்னால் நின்றுவிட்டாள்.

"என்னது, இருட்டுக்குப் பயம் இல்லையா? கொல்லைப் பக்கம் போக வெளக்கு புடிச்சிக்கிட்டு வரச் சொல்றது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"இது ஆபீஸ் சமாச்சாரம். நீ போ."

"பொய் எழுதுறதுக்கு ஆபீஸ் எதுக்குங்க? தோட்டத்துப் பெரிய துரை பியூனை அனுப்புனா மூணு தரம் கொல்லைக்கிப் போறீங்க. எழுதுங்க, வயிறு கலங்குதுன்னு. சகுனம் இல்லையா? தலையில பல்லி விழுந்ததுக்கு மூணு நாளு பஞ்சாங்கத்தைக் கட்டிக்கிட்டு அழுதது யாரு?"

சின்னவள், "அப்பாதான்" என்றாள்.

எழுதினேன். ஆம், ஆம், ஆம். நாற்பத்திரண்டாவது கேள்வி வந்தது: 'வீட்டில் யாருக்காவது பயப்படுகிறாயா?' முறம் என் காதருகே நின்றுபோயிற்று. 'இல்லை' என்று அழுத்தமாக எழுதினேன். அவளும் படித்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துத் துரை சிவப்புப் பென்சிலை ஓட்டினார். தாள் அம்மை போட்ட முகம்போல ஆயிற்று. "ஒன்றே ஒன்றைத் தவிர எதுவும் ஒத்துப்போகவில்லை. தமிழ் தப்பா? நீ தப்பா? வெள்ளிக்கிழமை சொல். அதற்குள் உன் தமிழைப் பதுளையில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் அனுப்பித் திரும்ப இங்கிலீஷாக்கச் சொல்லியிருக்கிறேன்."

அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. என் குடும்பத்துக்கே துணி கிழித்துக் கொடுக்கிறவர். மறுநாள் லீவு சொல்லிவிட்டு மலையிறங்கினேன். வழி முழுக்க அவரிடம் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். நன்றாக எழுதுங்கள் என்று கேட்டால் தமிழ் சரியாகிவிடும், நான் பொய்யன். கெடுத்து எழுதுங்கள் என்று கேட்டால் தமிழ் தப்பாகிவிடும், நான் முட்டாள். பொய்யனுக்கும் வேலை இல்லை, முட்டாளுக்கும் வேலை இல்லை. மொனராகலைப் பக்கம் போய்க் கரும்பு நடலாமா என்றுகூட நினைத்தேன். கரும்புக் காட்டில் பாம்பு இருக்கும். அதற்கும் எனக்குப் பயம், தாளிலேயே இருக்கிறது.

கடையில் ஏறி நின்றேன்.

"என்ன கிளாக்கர், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? வேட்டியா, சேலையா?"

"அந்தத் தாள்..."

"ஓ, அதா!" முதலாளி சிரித்தார். "நல்லா எழுதணுமா, கெடுத்து எழுதணுமா, எது வேணும் சொல்லுங்க."

நின்றேன். ஒரு பெண் வந்து இரண்டு கஜம் சீட்டித் துணி வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் நின்றேன்.

"சொல்லுங்களேன்."

"எனக்கே தெரியலைங்க முதலாளி."

"கவலைய விடுங்க. நேத்தே எழுதித் தபால்ல போட்டாச்சு. அச்சரம் பிசகாம எழுதிருக்கேன். நம்ம கிளாக்கர் தமிழ் ஆச்சே!"

அவர் என்னை வாழ்த்தித்தான் அனுப்பினார். வெறுங்கையோடு போவானேன் என்று பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணியும் கொடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறினேன். போட்டுக்கொள்ளப் பிள்ளை வரும், தூளி கட்டித் தொங்கவிடக் கூரை இருக்குமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. துரை முதலாளியின் தாளையும் மூலத்தையும் என் பக்கம் தள்ளினார். ஒன்றுக்கொன்று சகோதரர்கள்போல இருந்தன. "தமிழில் குற்றமில்லை" என்றார். அவ்வளவுதான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும்.

வயிறு கலங்கியது. இங்கிலீஷில் கலங்கியது அதுதான் முதல் தடவை.

"சார், இங்கிலீஷில் கேட்டது நீங்கள். உங்கள் கையில் என் வேலை இருக்கிறது. எது சொன்னால் வேலை நிற்குமோ அதை எழுதினேன். தமிழில் கேட்டது என் மனைவி. அவளிடம் பொய் சொல்லிப் பயனில்லை, அவள் உடனிருந்து பார்த்தவள்."

துரை எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியானால் வராந்தாவில் அந்த ஜனங்கள் யாருக்குப் பதில் சொன்னார்கள்?"

"கங்காணிக்குப் பாதி, உங்களுக்குப் பாதி சார். கேள்விக்கு யாரும் சொல்லவில்லை."

அவர் வராந்தாத் தாள்களை எல்லாம் எடுத்து நாடாவால் கட்டி மேசைக்கடியில் வைத்தார். பிறகு புதிய இங்கிலீஷ் தாள் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். "இங்கேயே, இப்போதே, மறுபடி எழுது. உன் தமிழோடு ஒத்துப்போனால் நீ இருக்கலாம்."

அன்று நான் பட்ட பாடு! இருட்டு, பல்லி, பியூன், பாம்பு, பெரிய துரையின் குதிரைச் சத்தம் என்று அத்தனை பயத்தையும், எந்த மனிதருக்கு முன்னால் மறைத்தேனோ அவர் கண்முன்னாலேயே நல்ல கையெழுத்தில் வரிசையாக எழுதினேன். நாற்பத்திரண்டாவதில் பேனா நின்றது. உண்மையை எழுதினால் தமிழோடு ஒத்துப்போகாது. வேலை போகும். 'இல்லை' என்று எழுதினேன்.

சிவப்புப் பென்சில் மெல்ல இறங்கியது. எங்கும் ஒத்துப்போயிற்று. "இந்தக் கணக்குப்படி உன்னை யுத்தத்துக்கு அனுப்ப முடியாது" என்றார்.

"ரொம்ப நல்லதுங்க சார்."

"ஆனால் ஆபீசில் இருக்கலாம்." நாற்பத்திரண்டைப் பென்சிலால் வட்டமிட்டார். "மூன்று தாளிலும் மாறாமல் நின்ற இந்த ஒரு பதில்தான் உருப்படி. கொஞ்சமும் அசையவில்லை. எல்லாக் கேள்வியும் இப்படி இருந்தால் என் வேலை முடிந்துவிடும்."

வீட்டுக்குப் போனதும் மனைவியின் முதல் கேள்வி: "என்ன சொன்னாரு?"

வேலை இருக்கிறது என்றேன். மாட்டுக்குப் புல் போடப் போனவளைக் கூப்பிட்டு, நாற்பத்திரண்டைப் பற்றித் துரை சொன்ன பாராட்டையும் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். துணிச்சல் வரவில்லை.