சாப்பாட்டு மேசையில் நியூயோர்க்

இரண்டு கிழமைகளாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அதன் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற காலத்து நியூயோர்க் நின்றது. நகரம் முழுவதும் அல்ல, உயர்ந்த மாடிக் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது மேலே தொங்கும் விளக்கைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்து, மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டது. தட்டு வைக்க இடமில்லாமல் மூன்று பேரும் குசினிக்குள் நின்றபடியே சோறு தின்றோம்.

கட்டியவர் என் கணவர். கட்ட வேண்டியவள் என் மகள். அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் சரித்திர அசைன்மென்ட் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஆலைகளும் ரயில் பாதைகளும் பெருகிய காலத்தில் நகரத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட ஒரு மொடல் செய்ய வேண்டும். அதை வைத்து வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேட்டது இவ்வளவுதான். புலம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழும் குவேக்கர்ஸ் ஹில்லில், எங்கள் ஆட்களின் வீடுகளில் எந்த அசைன்மென்ட்டும் இவ்வளவோடு முடிந்ததை நான் கண்டதில்லை. தகப்பன் செய்வார், தாய் நிறம் பூசுவாள், பிள்ளை கடைசியில் தன் பெயரை எழுதும். போன வருடம் பக்கத்துத் தெரு அங்கிள் மகனுக்குச் செய்து கொடுத்த எரிமலை, வகுப்பறைக் கம்பளத்தையே நாசமாக்கியது. அதற்குப் பிறகும் ஒருவருக்கும் புத்தி வரவில்லை.

என் கணவர் கட்டட வரைபடம் வரைகிற வேலை செய்பவர். பிள்ளை அசைன்மென்ட் தாளை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அளவுகோலை எடுத்துவிட்டார்.

"உருக்குச் சட்டம்தான் விசயம்," என்றார். "அதுக்கு முந்திச் சுவர்தான் பாரம் முழுக்கத் தாங்கினது. உருக்கு மலிஞ்ச பிறகுதான் அவை உயரமாக் கட்டத் தொடங்கினவை. லிஃப்டும் வந்திட்டுது. லிஃப்ட் இல்லாட்டி ஆர் ஏறுறது?"

"அப்பா, திஸ் இஸ் மை அசைன்மென்ட்."

"ஓம் ஓம். நீ பேசு. நான் கட்டுறன்."

அன்று தொடங்கியது ஹார்ட்வெயர் கடைக்கு ஓட்டம். மெல்லிய அலுமினியக் கம்பிகள், பசை, நூலில் ஏறி இறங்குகிற லிஃப்ட். அந்த லிஃப்ட் நாலாம் மாடியில் சிக்கும். சிக்கினால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. பருப்புச் சட்டியை எங்கே இறக்கி வைப்பது என்று கேட்டதற்கு, "கொஞ்சம் பொறும், உச்சி ஆடுது" என்றார். சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வந்த ஆத்திரத்தில் உச்சி மட்டுமல்ல, அடியும் ஆடியிருக்கும்.

இந்த மனிதரோடு வாழப் பொறுமை வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். கட்டிலில் தன் பக்கத்துக்குத் தனி விரிப்பு வேண்டும் என்பார். விடிய எழும்பியவுடன் அதை உருவி மடித்து, தலையணையையும் சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். நான் மறுபக்கம் படுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். யாராவது பார்த்தால் என்னைப் பாதிக் கட்டிலில் விட்டுவிட்டு ஓடிப்போனார் என்றுதான் நினைப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், "பழகீட்டுது" என்பார். கேட்பதையே நான் விட்டுவிட்டேன்.

மகள் அப்பாவோடு சண்டை போடவில்லை. தன் அறைக்குள் போய், ஒரு சப்பாத்துப் பெட்டியில் தானே ஒன்று செய்யத் தொடங்கினாள். அதே நியூயோர்க்கில் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த அடுக்கு வீட்டின் ஓர் அறை. உள்ளறை என்பதால் ஜன்னல் இல்லை. அங்கேயே சமையல், அங்கேயே குடும்பம் முழுக்கக் குந்தியிருந்து கோட்டுத் தைப்பது, வாடகை கட்டுவதற்காக வெளி ஆட்களையும் அங்கேயே படுக்க விடுவது. தீப்பெட்டியில் அடுப்பு செய்திருந்தாள். என் பழைய சட்டைத் துண்டுகள் தைக்கிற கோட்டுக் குவியலாகியிருந்தன. சுவருக்குக் கரி கூடப் பூசியிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

சனிக்கிழமை அவர் அதைக் கண்டுவிட்டார்.

"உதென்ன?"

"மோஸ்ட் பீப்பிள் இப்பிடித்தான் இருந்தவை, அப்பா."

"நகரம் எண்டால் உயர்ந்ததைக் காட்ட வேணும். நாறுற அறையைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில வைக்கிறதே? பாக்கிறவை எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"எங்களைப் பற்றியோ? இட்ஸ் அமெரிக்கா!"

"இஞ்சேருங்கோ, புள்ளி அவளுக்குத்தான், உங்களுக்கில்லை," என்றேன் நான்.

"நீர் சும்மா இரும்."

சும்மா இருந்தேன். இருந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. எப்போதோ ஒரு காலத்தில் யாரோ பட்ட கஷ்டத்துக்கு இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும். ஞாயிறு மத்தியானம் மகள் எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னாள், தான் பெட்டியைத்தான் கொண்டுபோவதாக. மாடிக் கட்டடத்தைக் கொண்டுபோகச் சொன்னால், அதை மேசையில் வைத்துவிட்டு, இதை என் அப்பா செய்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து இருந்துவிடுவாளாம். செய்யக்கூடியவள்தான். அவர் எழுந்துபோய் லிஃப்ட் நூலை நோண்டத் தொடங்கினார்.

அவள் எனக்குப் பேசிக் காட்டினாள். அடுப்பைக் காட்டினாள், கோட்டுக் குவியலைக் காட்டினாள். மூலையில் இருந்த சின்னப் படுக்கைக்கு வந்தாள். அதில் இரண்டு தலையணைகள் வைத்திருந்தாள்.

"இது வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு. ஒராளுக்குப் பகல் வேலை, மற்றாளுக்கு இரவு வேலை. ஒரே படுக்கையில மாறி மாறிப் படுப்பினம்." முகத்தைச் சுளித்தாள். "சோ டிஸ்கஸ்டிங். எப்பிடி அம்மா அவையளாலை ஏலும்? கொஞ்சம்கூட வெக்கம் இல்லையோ?"

அவர் கையில் லிஃப்ட் நூல் நின்றது. அவர் வந்து பெட்டியின் முன்னால் நிலத்தில் இருந்தார். பிய்க்கப் போகிறார் என்று நினைத்து நான் பெட்டியில் கை வைத்தேன்.

"உது பிழை," என்றார். இரண்டு விரலால் ஒரு தலையணையை வெளியே எடுத்தார். "ரெண்டு இருக்காது. எழும்புறவன் தன்ரை விரிப்பையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போயிடுவான். மற்றவன் வந்து தன்ரையை விரிப்பான்."

"ஹவ் டு யூ நோ?"

"லிட்கமில நான் அப்பிடித்தான் இருந்தனான்."

லிட்கம் வீடு எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கலியாணத்துக்கு முன் பெடியளோடு இருந்த வீடு என்று சொல்லியிருக்கிறார். கறி அடிப்பிடித்த கதை, புகை மணி அலறிய கதை, எல்லாம் சிரிக்கிற கதைகள். படுக்கைக் கதை மட்டும் அதில் இருக்கவில்லை.

"இறைச்சி ஃபக்டரியில எனக்கு இரவு வேலை. குசினிக்குப் பக்கத்தில ஒரு மெத்தை. அதில இரவில படுக்கிற அண்ணை விடிய எழும்பிப் பெயின்ட் அடிக்கப் போவார், நான் வந்து படுப்பன்." எங்களைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். "அவர் படுத்த இடம் சூடாயிருக்கும். இஞ்சை ஜூலையிலதானே குளிர், அதுக்கு அது நல்லாயிருக்கும்."

"சொறி, அப்பா."

"ஏன் சொறி? நாறினதுதான்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இவ்வளவு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் சொன்னால் உங்கடை ஆக்கள் கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்ல மாட்டினம் எண்டு நினைச்சன். பிறகு சந்தர்ப்பம் வரேல்லை."

சந்தர்ப்பம் வரவில்லையாம். உருக்குச் சட்டத்தைப் பற்றி இரண்டு கிழமை வாய் ஓயாமல் பேசிய மனிதர்!

அன்று மிச்ச நேரம் அவர் பெட்டியைத் தொடவில்லை. அவள் கேட்டாள், அவர் சொன்னார். எடுத்த தலையணையை எங்கே வைப்பது என்றதற்கு, தலைமாட்டில் ஒரு பை இருக்கும் என்றார். அவள் அரிசிச் சாக்கில் ஒரு துண்டு வெட்டிப் பை செய்தாள். படுக்கப் போகுமுன், "என்னையெண்டு சொல்லாதை. ஆரோ ஒராள் எண்டு சொல்லு" என்றார். அவள் பையைப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கள் பின்னேரம் அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"ஆரெண்டு சொன்னனி?" என்று அவர் வாசலிலேயே கேட்டார்.

"மை டாட் எண்டுதான்."

அவர் மேசைக்குப் போய் லிஃப்டை ஒரு தரம் ஏற்றி இறக்கினார். அது நாலாம் மாடியில் சிக்கியது. நாங்கள் மறுபடியும் குசினியில் நின்றுதான் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் விடியுமுன்பே, வழக்கம்போல எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் விரிப்பை உருவுகிற சத்தம். மடித்து, தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போகிறார்.

"வையுங்கோ அப்பிடியே," என்றேன். "இனி ஆரும் மாறிப் படுக்க வரமாட்டினம்."

 அவர் இருட்டில் திரும்பி வந்து தலையணையைத் தன் பக்கத்தில் வைத்தார்.