மூன்று பட்டை இல்லாத கோரையும் நாங்கள் வாங்காத மனையும்

இன்று காலை மகள் ஒரு மனையின் போட்டோ அனுப்பியிருந்தாள்.

தரை அவ்வளவு சுத்தம். ஒரு புல் இல்லை. பார்த்த உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

(ரிட்டயர்டு பாட்டனி டீச்சர். போட்டோவில் முதலில் தரையைத்தான் பார்ப்பேன்!)

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த 1987-ஆம் வருடம். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் நானும் கணவரும் ஒரு மனையை முடிவு செய்திருந்தோம். இரண்டு நாளில் பத்திரம். எங்கள் மொத்தச் சேமிப்பும் அதில் போக இருந்தது.

கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கிளம்பினோம். போராட்டக்காரர்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் பாதியில் நின்றுவிட்டது. எப்போதும் முன்பக்கமாகவே கூட்டிப்போய்க் காட்டிய புரோக்கராலும் வர முடியவில்லை. ஏரிக்கரை வழியாக நடந்து, முதல்முறையாக மனையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தோம்.

முன்பக்கம் மழித்த முகம் மாதிரி இருந்த இடம், பின்பக்கம் இடுப்பளவு பச்சை!

அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? இங்க இன்னா பாக்குறீங்க?"

(மரம் வெட்டியவர்களைப் போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த நேரம். அவளுக்கும் சந்தேகம்.)

"இந்த எடத்த வாங்கப் போறோம்மா" என்றார் கணவர்.

"இதையா? இது ஏரிக் கோரைங்க. மழ புடிச்சா முட்டிக்கால் தண்ணி நிக்கும். அதான் புரோக்கரு முன்னால மட்டும் அறுத்து வுட்டுக்கிறாரு."

மாட்டுக்குப் புல் போய்விடுமே என்று பொய் சொல்கிறாள் என நினைத்தேன். ஒரு தண்டைப் பிடுங்கி விரலில் உருட்டினேன். வழுவழுவென்று உருண்டை.

"கோரைன்னா தண்டுல மூணு பட்டை இருக்கும்மா. இது வெறும் புல்லு" என்றேன், கிளாஸ் எடுக்கும் குரலில்.

"உருட்டாதீங்க. மேல இருந்து அமுக்கிக்கினே வாங்க."

அமுக்கினேன். பட், பட், பட்.

தண்டுக்குள் வரிசையாக அறைகள், அறை முழுக்கக் காற்று. சேற்றில் மூச்சுவிட முடியாத வேருக்கு அந்தச் செடி காற்று அனுப்பும் வழி அது. தண்ணீர் நிற்காத மேட்டில் அதற்கு என்ன வேலை?

உருண்டைத் தண்டுக் கோரையும் உண்டு. படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒருநாளும் நடத்தியதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. புல்லை அறுத்து மறைத்த புரோக்கரை நம்பிவிட்டு, உண்மை சொன்னவளைச் சந்தேகப்பட்டேன்.

பத்திரம் எழுதவில்லை.

இன்று மகளின் புரோக்கருக்கு போன் போட்டேன்.

"தம்பி, அந்த எடத்துல இன்னா புல்லு மொளச்சிருந்துது?"

"அதெல்லாம் வேரோட நோண்டி எடுத்து, மண்ணு அடிச்சிட்டேங்க மேடம். நீங்க எதையும் பாக்கவே வேணாம்."

மகளிடம் சொல்லிவிட்டேன், கையெழுத்தை நிறுத்தி வை என்று.

நாளைக் காலை இருவரும் போகிறோம். பின்பக்கமாக.